பங்குச்சந்தை பேசும் மொழி – 14: ஓய்வு பெறாத 4.2

2000ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி நாஸ்டாக் குறியீட்டெண் 5,048 புள்ளிகளில் முடிந்தது. இணையக் கம்பெனிகளின் பங்குகள் கண்மண் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த சில வாரங்களில் சரிவு தொடங்கிவிட்டது. அந்த உச்சத்தை மறுபடியும் தொட நாஸ்டாக்குக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதே மார்ச் மாதத்தில், தரகு வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேர் அறியாமல் ஓர் ஆவணம் வெளிவந்தது. அதுதான் ஃபிக்ஸ் விதிமுறையின் 4.2ஆம் பதிப்பு. அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த இணையக் கம்பெனிகளில் பலவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. 4.2 மட்டும் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு சிறு முன்கதை. 1992இல் ஃபிடெலிட்டி இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் ராபர்ட் லாமுரோவும் சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்தின் கிறிஸ் மோர்ஸ்டாட்டும் சேர்ந்து, தொலைபேசியில் சொல்லிவந்த பங்கு விவரங்களைக் கணினிக்குக் கணினி அனுப்ப ஒரு முறையை வகுத்தார்கள். தொலைபேசியில் சொன்னது தவறான ஆளிடம் போய்ச் சேர்வதும், ரிசீவரை வைத்ததும் காற்றோடு போவதும் ஃபிடெலிட்டிக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. இரண்டு நிறுவனங்களுக்குள் தொடங்கிய அந்தப் பேச்சுமுறை 1995 ஜனவரியில் பொதுவெளிக்கு வந்தது. அதன் முழுப்பெயர் ஃபினான்ஷியல் இன்ஃபர்மேஷன் எக்ஸ்சேஞ்ச். சந்தையில் எல்லோரும் சொல்வது ஃபிக்ஸ்.

அதன் எழுத்து வடிவம் எளிமையானது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண். அதற்கு டேக் என்று பெயர். எண், சமக்குறி, மதிப்பு. அடுத்த விவரத்துக்கு முன் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பெழுத்து. 35=டி என்றால் புதிய ஆர்டர். 54=1 என்றால் வாங்கு, 54=2 என்றால் விற்பனை. 38=500 என்றால் ஐந்நூறு பங்கு. 40=2 என்றால் விலை வரம்பு உண்டு, 44 என்ற டேக்கில் அந்த விலை இருக்கும். செய்தியின் கடைசியில் 10 என்ற டேக். முன்னால் வந்த பைட்டுகளையெல்லாம் கூட்டி 256ஆல் வகுத்த மீதி மூன்று இலக்கமாக அதில் நிற்கும். வழியில் ஒரு பைட் சிதைந்தாலும் அந்தக் கூட்டல் காட்டிக்கொடுக்கும். இதற்கெல்லாம் முன்பாக, செய்தியின் முதல் விவரமாக 8 என்ற டேக்: 8=ஃபிக்ஸ்.4.2. நான் எந்தப் பதிப்பில் பேசுகிறேன் என்பதை வாய் திறந்தவுடன் சொல்லிவிட வேண்டும். இந்த அத்தியாயம் அந்த 8ஆம் எண் டேக்கைப் பற்றியது.

1997இல் வந்த 4.0இல் டேக் எண்கள் 140 வரை இருந்தன. 4.1இல் 211. 4.2இல் 446. அதுவரை நடந்தது வளர்ச்சி. பழையதைப் பெரிதாகக் கலைக்காமல் மேலே மேலே கட்டிக்கொண்டு போனார்கள். 2001 ஆகஸ்டில் வந்த 4.3இல் கதை மாறியது. டேக் எண்கள் 659 வரை போயின. அது பெரிய விஷயமில்லை. கட்டியிருந்த சுவரில் கையை வைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஆயிரம் பங்கு வாங்கச் சொல்லி ஒரு ஆர்டர் போகிறது. நானூறு கிடைத்துவிட்டது. தரகர் பதில் அனுப்புகிறார். 4.2இல் அந்தப் பதிலில் மூன்று டேக்குகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 20 என்ற டேக் இது புதிய தகவலா, ரத்தா, திருத்தமா என்று சொல்லும். 150 இப்போது நடந்தது என்ன என்று சொல்லும். 39 ஆர்டரின் நிலையைச் சொல்லும். பகுதி நிறைவேறியது என்றால் 150லும் 1, 39லும் 1. ஒரே சேதி இரண்டு இடத்தில். 4.3 இதைச் சீர்செய்தது. 20 என்ற டேக் எடுக்கப்பட்டது. வியாபாரம் நடந்தால், பகுதியோ முழுதோ, 150=எஃப். திருத்தினால் 150=ஜி. ரத்து செய்தால் 150=எச். நிலையைச் சொல்வது 39இன் வேலை மட்டும். இலக்கண ரீதியாக 4.3 சொன்னதுதான் சரி. இதை இன்றைக்குப் புதிதாக வடிவமைப்பவர் யாரும் 4.2 போலச் செய்யமாட்டார்.

ஆட்களைக் குறிக்கும் முறையையும் மாற்றினார்கள். 4.2இல் வாடிக்கையாளருக்கு 109, நிறைவேற்றும் தரகருக்கு 76 என்று ஆளுக்கொரு டேக். 4.3இல் இவை போய், 453 என்ற டேக்கின் கீழ் ஒரு தொகுதி வந்தது. இத்தனை பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள், ஒவ்வொருவரின் அடையாளம் இது, பாத்திரம் இது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நாளைக்குப் புதிய பாத்திரம் வந்தாலும் புதிய டேக் வேண்டாம். இதுவும் நல்ல யோசனைதான். இதன் அருமை 2018இல் தெரிந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

நல்ல இலக்கணத்தோடு வந்த 4.3 ஏன் எடுபடவில்லை?

முதல் காரணம் காலம். 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காகத் தரகு நிறுவனங்களின் கணினிப் பிரிவுகள் பாடுபட்டு முடித்தன. உடனே அமெரிக்காவில் பங்கு விலைகளைப் பின்னத்திலிருந்து தசமத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. நியூயார்க் பங்குச்சந்தை 2001 ஜனவரி 29இலும் நாஸ்டாக் ஏப்ரல் 9இலும் அதை முடித்தன. அதற்குள் சந்தை விழுந்து வருமானம் சுருங்கிவிட்டது. 4.3 வந்த மறுமாதம் செப்டம்பர் 11. கீழ் மன்ஹாட்டனில் அலுவலகங்களையும் ஆட்களையும் இழந்து நின்ற ஒரு தொழிலிடம், 20ஆம் டேக்கை எடுத்துவிட்டு 150ஐத் திருத்துங்கள் என்று யார் போய்ச் சொல்வது?

இரண்டாவது காரணம் காலத்தோடு போவதில்லை. ஃபிக்ஸ் இணைப்பு என்பது இருவருக்கு இடையிலானது. ஒரு தரகு நிறுவனத்துக்கு முந்நூறு வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு தனித்தனி இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் இரு தரப்பும் உட்கார்ந்து ஆர்டர் அனுப்பி, ரத்து செய்து, இணைப்பைத் துண்டித்து, விட்டுப்போன செய்தியை 34ஆம் டேக்கின் வரிசை எண்ணை வைத்து மீட்டுப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சர்டிஃபிகேஷன் என்று இதைச் சொல்வார்கள். நான் மட்டும் 4.3க்குப் போனால் எனக்கு லாபம் எதுவும் இல்லை. எதிரில் இருப்பவரும் வர வேண்டும். அவருக்கோ 4.2இல் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. முந்நூறு பேரில் பத்துப் பேர் வரவில்லை என்றாலும் பழைய பதிப்பை நான் கைவிட முடியாது. இரண்டையும் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மாறுவதால் செலவு குறையாது, இரட்டிப்பாகும்.

வங்கிகளின் பணப்பரிமாற்றச் செய்திகளில் நடந்ததை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். பெல்ஜியத்தின் ஸ்விஃப்ட் அமைப்பு எல்லை தாண்டிய பணப்பரிமாற்றத்துக்கான பழைய எம்.டி. வடிவச் செய்திகளிலிருந்து ஐ.எஸ்.ஓ. 20022க்கு வங்கிகளை நகர்த்தியது. 2023 மார்ச்சிலிருந்து 2025 நவம்பர் வரை இரண்டும் சேர்ந்து ஓடின. அதற்குப் பிறகு பழையதற்குக் கெடு முடிந்தது. அங்கே நடுவில் ஒரு வலைப்பின்னலும் அதை நடத்தும் ஒரு நிர்வாகமும் இருக்கின்றன. ஃபிக்ஸுக்கு நடு என்று ஒன்றில்லை. தரத்தை எழுதும் குழு உண்டு. அது பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

ஆகவே நடந்தது இதுதான். 4.2இல் இல்லாத விவரம் தேவைப்பட்டால், பதிப்பை மாற்றாமல் 4.2க்குள்ளேயே அதைச் செருகினார்கள். 2003இல் வந்த 4.4 கடன்பத்திரங்களுக்கும் டெரிவேட்டிவுகளுக்கும் வேண்டியதையெல்லாம் சேர்த்து டேக் எண்களை 956 வரை கொண்டுபோனது. பலர் அதற்கு மாறினார்கள். பங்கு வியாபாரத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு 4.2இலேயே இருந்தார்கள்.

செருகுவதில் இரண்டு வழி உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான பிரிவு பழையதா புதியதா என்பதில் இல்லை, இந்த இரண்டு வழிகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

ஒன்று, கடன் வாங்குவது. பிந்தைய பதிப்பில் இருக்கும் டேக்கை அதே எண்ணோடு, அதே பொருளோடு 4.2 செய்தியில் வைப்பது. கண்டிப்பான விதிப்படி அது பிழை. பெறும் மென்பொருளுக்கு, இந்தப் பதிப்பில் இப்படி ஒரு டேக் கிடையாது என்று 35=3 நிராகரிப்பைத் திருப்பி அனுப்ப உரிமை உண்டு. ஆனால் இருவரும் பேசிக்கொண்டு தங்கள் டேக் அகராதியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. நாளை யாராவது மேலே நகர்ந்தாலும் அந்த எண் அதே எண்தான்.

மற்றது, சொந்தமாக ஒன்றை உருவாக்குவது. அதற்கென்றே 5000 முதல் 9999 வரை எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. நிறுவனங்களுக்கு இடையே பேசிக்கொள்ளும் தனி டேக்குகளுக்கு அது. 10000க்கு மேல் என்றால் நிறுவனத்தின் உள்ளுபயோகத்துக்கு. இந்த ஐயாயிரம் எண்ணும் போதவில்லை. பிறகு 20000 முதல் 39999 வரையும் திறந்துவிட வேண்டியதாயிற்று. இந்த நெரிசலால் பொதுத் தரமே தன் புதிய டேக்குகளுக்கு 40000க்கு மேல் இடம்தேடிப் போனது. ஒரு தரகரிடம் ஒரு பொருளில் வழங்கும் எண் இன்னொரு தரகரிடம் வேறு பொருளில் வழங்கும். ஒரே பொருளுக்கு ஊரெல்லாம் வேறு வேறு எண். பொதுமொழி என்று தொடங்கியது வட்டார வழக்குகளாகப் பிரிந்துபோனது இப்படித்தான்.

சிகாகோவின் சி.எம்.இ. சந்தையை எடுத்துக்கொள்வோம். அதன் ஐலிங்க் 2 என்ற ஆர்டர் வாசல் 8=ஃபிக்ஸ்.4.2 என்றே பேசியது. ஆனால் ஆர்டர் மனிதர் கையால் இட்டதா, தானியங்கியா என்று சொல்லும் 1028 என்ற டேக்கைப் பிந்தைய பதிப்பிலிருந்து கடன் வாங்கியிருந்தது. கூடவே சொந்த டேக்குகளும் வைத்திருந்தது. ஒரே நிறுவனத்தின் வாங்கும் ஆர்டரும் விற்கும் ஆர்டரும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்ளாமல் தடுக்க 7928 என்ற டேக் அப்படி வந்ததுதான். பிறகு அதே தேவைக்குப் பொதுத் தரத்தில் 2362 என்ற எண் பிறந்தது. இரும வடிவத்துக்கு மாறிய ஐலிங்க் 3இல் சி.எம்.இ. 7928ஐ விட்டுவிட்டு 2362ஐ எடுத்துக்கொண்டது. தனி எண் பொது எண்ணிடம் வந்து சேர்வது இப்படி. இது எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

பழையதை நீட்டிப்பதில் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. பழைய குறிக்குப் புதிய பொருள் கொடுப்பது. அதன் விலை என்ன என்பது 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி காலையில் தெரிந்தது.

நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இருந்த நைட் கேபிடல், அமெரிக்கப் பங்கு வியாபாரத்தில் பெரிய கை. அன்று நியூயார்க் பங்குச்சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்கென ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக நைட் தன் ஆர்டர் அனுப்பும் மென்பொருளைத் திருத்தியது. புதிய வசதியை இயக்க ஒரு ஃபிளாக், அதாவது ஒரு குறி, வேண்டும். கையில் ஒரு பழைய ஃபிளாக் இருந்தது. 2003இலேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட பவர் பெக் என்ற வசதியை இயக்கியது அது. அதையே எடுத்துக்கொண்டார்கள். பவர் பெக்கின் பழைய நிரல் நீக்கப்படாமல் அப்படியே கிடந்தது. கேட்ட பங்குகள் கிடைத்துவிட்டன, நிறுத்து என்று அதற்குச் சொல்லும் எண்ணிக்கைப் பகுதியை 2005இல் வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு பவர் பெக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை.

புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏறியது. எட்டாவது விட்டுப்போயிற்று. சரிபார்க்க இரண்டாவது ஆள் வைக்கப்படவில்லை. காலை 9.30க்குச் சந்தை திறந்தது. ஏழு சர்வர்கள் அந்த ஃபிளாக்கைப் புதிய பொருளில் படித்தன. எட்டாவது பழைய பொருளில் படித்தது. 212 வாடிக்கையாளர் ஆர்டர்கள்தான் அங்கே போயின. அவற்றை நிறைவேற்றப் போய், நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல், சுமார் 45 நிமிடத்தில் 154 பங்குகளில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரங்களை அது செய்து முடித்தது. கைமாறிய பங்குகள் 39 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். கோளாறைத் தேடியவர்கள், புதிய நிரலில்தான் தவறு என்று நினைத்து ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்தார்கள். அந்த ஏழும் பவர் பெக்கை இயக்கத் தொடங்கின. சந்தை திறக்கும் முன்பே பவர் பெக் என்ற பெயரைத் தாங்கிய 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி.யின் உத்தரவு பதிவு செய்கிறது. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அவசர முதலீட்டில் தப்பிப் பிழைத்த நைட், மறு ஆண்டு கெட்கோ நிறுவனத்தோடு இணைந்தது. 2013 அக்டோபரில் எஸ்.இ.சி. விதித்த அபராதம் 1 கோடியே 20 லட்சம் டாலர்.

இந்த விபத்துக்கு ஃபிக்ஸ் பதிப்பு காரணமல்ல. நைட்டின் உள் மென்பொருளில் நடந்தது அது. ஆனாலும் இதை இங்கே விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 4.3இல் எடுத்த 20, 76, 109 ஆகிய எண்களை ஃபிக்ஸ் வேறு எதற்கும் கொடுக்கவில்லை. காலியாகவே விட்டிருக்கிறது. எண்ணுக்குப் பஞ்சம் வந்து 40000க்குத் தாவியபோதும் அவற்றில் கைவைக்கவில்லை. உலகில் எங்கோ ஒரு சர்வர் அந்த எண்ணைப் பழைய பொருளிலேயே படித்துக்கொண்டிருக்கும் என்று எண்ணி நடக்கும் தரம்தான் நம்பத்தக்க தரம்.

பதிப்புச் சிக்கலுக்கு ஃபிக்ஸ் தானே ஒரு தீர்வு கண்டது. 2006 டிசம்பரில் வந்த 5.0இல் உறையையும் கடிதத்தையும் பிரித்தார்கள். இணைப்பைத் திறப்பது, வரிசை எண் பார்ப்பது, விட்டதை மீண்டும் கேட்பது ஆகியவை உறையின் வேலை. அதற்கு ஃபிக்ஸ்ட் 1.1 என்று தனிப் பெயர். உள்ளே இருக்கும் ஆர்டர் எந்தப் பதிப்பு என்பதை 1128 என்ற டேக் சொல்லும். 4 என்றால் 4.2, 6 என்றால் 4.4, 9 என்றால் 5.0 எஸ்.பி.2. ஒரே இணைப்பில் பல பதிப்புகள் பேசலாம். ஆனால் இந்த உறையைப் பெற, முதலில் உறையை மாற்ற வேண்டும். மாறாமல் இருப்பதற்கான வசதியைப் பெறவே ஒருமுறை மாற வேண்டியிருந்தது. தரகர்களிடம் அது பெரிதாகச் செல்லாததற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

பங்குச்சந்தைகளிடம் சென்றது. சந்தைக்கு அந்த அதிகாரம் உண்டு: என் வாசலுக்கு வந்தால் இப்படித்தான் பேச வேண்டும். லண்டன் பங்குச்சந்தையின் டிரேட்எலெக்ட் அமைப்பு 2008 செப்டம்பர் 8ஆம் தேதி ஏறக்குறைய ஏழு மணி நேரம் முடங்கியது. மறு ஆண்டு லண்டன், கொழும்பை அடுத்த மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐடி நிறுவனத்தையே வாங்கியது. 2011 பிப்ரவரி 14 முதல் லண்டன் சந்தையின் பங்கு வியாபாரம் இலங்கையில் எழுதப்பட்ட மென்பொருளில் நடந்தது. அதன் ஃபிக்ஸ் வாசல் 5.0 எஸ்.பி.2. உள்ளே 4.2 பேசும் தரகர்கள் வாசலில் ஒரு மொழிமாற்றியை வைத்துக்கொண்டு அங்கே போனார்கள்.

2018 ஜனவரி 3ஆம் தேதி ஐரோப்பாவில் மிஃபிட் 2 என்ற சந்தை ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் யார், முதலீட்டு முடிவை எடுத்தவர் யார், நிறைவேற்றியவர் யார், அவர் மனிதரா அல்காரிதமா என்று சந்தைகள் பதிவு வைத்திருக்க வேண்டும். அதிவேக வியாபாரத்துக்கு நேரப்பதிவு மைக்ரோ நொடி வரை வேண்டும். 4.2இன் நேரமோ மில்லி நொடியோடு நின்றது. மூன்று இலக்கத்துக்கு மேல் வந்தால் ஏற்க மறுக்கும் மென்பொருள்களும் புழக்கத்தில் இருந்தன. ஆட்களை அடுக்க, 2001இல் யாரும் எடுத்துக்கொள்ளாத அந்த 453 தொகுதி கைகொடுத்தது. முடிவெடுத்தவருக்குப் பாத்திர எண் 122. நிறைவேற்றியவருக்கு 12. மனிதரா அல்காரிதமா என்பதற்கு 2376 என்ற புதிய டேக், அதில் 24 என்றால் மனிதர், 22 என்றால் அல்காரிதம். பதினேழு ஆண்டு தாமதமாக 4.3இன் யோசனை 4.2இன் செய்திக்குள் வந்து உட்கார்ந்தது. செய்தியின் முதல் டேக் மட்டும் மாறவில்லை.

பழையதிலேயே இருந்தவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஓடும் இணைப்பை உடைக்காமல் காப்பது பொறுப்புள்ள வேலை. 4.2இல் இருந்துகொண்டு பொது எண்களைக் கடன் வாங்கியவர்கள், எந்தப் பெயரில் பேசினாலும், பொதுமொழியைத்தான் பேசினார்கள். பொது எண் இருந்தும் தனி எண்ணிலேயே தொடர்ந்தவர்கள்தான், 5.0க்கே மாறியிருந்தாலும், அந்த மொழிக்குக் கேடு செய்தார்கள்.

தரத்தை எழுதுபவர்களும் கடைசியில் இந்த உண்மைக்கு வந்தார்கள். 2009 ஏப்ரலில் வந்த 5.0 எஸ்.பி.2க்குப் பிறகு 6.0 என்று ஒன்று வரவில்லை. அதற்குப் பதிலாக நீட்சித் தொகுப்புகள் வருகின்றன, இருநூறைத் தாண்டிவிட்டன. எல்லாத் தொகுப்பும் சேர்ந்த நிலைக்கு ஃபிக்ஸ் லேட்டஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். அதில் பதிப்பு எண்ணே கிடையாது.

ஃபிக்ஸ் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவனத்தின் டேக் அகராதியைத் திறந்து, 5000க்கும் 9999க்கும் இடைப்பட்டவற்றை மட்டும் தனியே எடுங்கள். அவற்றில் எத்தனைக்கு இதற்குள் பொது எண் வந்துவிட்டது என்று ஃபிக்ஸ் லேட்டஸ்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த சர்டிஃபிகேஷன் வரும்போது அவற்றில் ஒன்றையாவது மாற்றிவிடுங்கள்.

(தொடரும்)